வேலைச் சந்தையை ஆராய எந்த மாதிரியை எடுப்பது? சம்பள விதியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

2022 மார்ச் மாதம் அமெரிக்காவில் சுமார் 1 கோடியே 20 லட்சம் காலிப்பணியிடங்கள் இருந்தன. வேலையில்லாமல் தேடிக்கொண்டிருந்தவர்கள் சுமார் 60 லட்சம் பேர்தான். விலைவாசியை அடக்க அந்நாட்டின் மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியை உயர்த்தத் தொடங்கியிருந்த நேரம் அது. வட்டி ஏறினால் நிறுவனங்கள் ஆள் எடுப்பதைக் குறைக்கும், காலியிடங்கள் சுருங்கும். அதோடு வேலையின்மை எவ்வளவு கூடும் என்பதுதான் கேள்வி.

அந்த ஜூலையிலேயே இரண்டு பதில்கள் வந்தன. ஃபெடரல் ரிசர்வைச் சேர்ந்த ஆன்ட்ரூ ஃபிகுராவும் கிறிஸ்டோபர் வாலரும், காலியிடங்கள் நிறையக் குறைந்தாலும் வேலையின்மை கொஞ்சம்தான் கூடும் என்றார்கள். ஒலிவியே பிளான்ஷார், அலெக்ஸ் டோமாஷ், லாரன்ஸ் சம்மர்ஸ் மூவரும், வரலாற்றில் அப்படி நடந்ததே இல்லை, வேலையின்மை கணிசமாக ஏறும் என்றார்கள். 2024 நடுவில் காலியிடங்கள் 80 லட்சத்துக்கு அருகே இறங்கியிருந்தன. வேலையின்மை 3.6 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்தைச் சற்றே தாண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இரு தரப்பும் கையில் எடுத்தது ஒரே சட்டகம்: காலியிடங்களையும் வேலையின்மையையும் இணைக்கும் பெவரிட்ஜ் வளைகோடு. ஆட்குறைப்பு கூடுமா, ஆளும் வேலையும் சேரும் திறன் முன்னைவிட மோசமாகிவிட்டதா என்ற அனுமானங்களில்தான் பிரிந்தார்கள். ஆகவே மாதிரியின், அதாவது சந்தை இயங்கும் விதத்தைக் கணக்காகச் சொல்லும் எளிய வடிவத்தின், பெயரைத் தேர்ந்தெடுத்ததும் வேலை முடிந்துவிடாது. அதற்குள் எந்த விதியை வைக்கிறோம் என்பதும் முடிவின் ஒரு பகுதி.

ஆய்வேட்டுக்கோ கொள்கைக் குறிப்புக்கோ இப்படியொரு மாதிரியைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆளும் வேலையும் எப்படிச் சந்திக்கின்றன என்ற பகுதிக்குப் பலரும் மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். சம்பளம் எப்படி முடிவாகிறது என்ற ஒரு வரியை மட்டும் பழைய கட்டுரையிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். கொள்கை பற்றிய விடையைத் தலைகீழாக்குவது பெரும்பாலும் அந்த ஒரு வரிதான்.

முதல் தெரிவு: டி.எம்.பி. மாதிரி

பீட்டர் டயமண்ட், டேல் மார்ட்டென்சன், கிறிஸ்டோபர் பிஸ்ஸரைட்ஸ் மூவருக்கும் 2010இல் நோபல் பரிசு கிடைத்தது தேடல் உராய்வுகள், அதாவது ஆளும் வேலையும் உடனே சேர விடாத தடைகள், பற்றிய ஆய்வுக்காக. அவர்கள் பெயரின் முதல் எழுத்துகளால் டி.எம்.பி. என்று வழங்கும் மாதிரி எளிமையானது. வேலையில்லாதவர்கள் ஒரு பக்கம், காலியிடங்கள் இன்னொரு பக்கம். மாதத்துக்கு எத்தனை சந்திப்புகள் நடக்கும் என்பதைப் பொருத்தச் சார்பு என்ற ஒன்று சொல்கிறது. சந்தித்த பிறகு இருவரும் பேரம் பேசி, சேர்வதால் வரும் லாபத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள்.

இதன் பலம் கணக்கின் எளிமை. ராபர்ட் ஷைமர் 2005இல் பயன்படுத்திய அமெரிக்க எண்களையே எடுத்துக்கொள்வோம். வேலையில்லாதவர் ஒரு மாதத்தில் வேலை பெறும் வாய்ப்பு 0.45. வேலையில் இருப்பவர் அதை இழக்கும் வாய்ப்பு 0.034. இந்த வாய்ப்புகள் மாறாமல் இருந்தால் வேலையின்மை வந்து நிற்கும் அளவு, அதாவது நிலைத்த வேலையின்மை, 0.034 ÷ (0.034 + 0.45), சுமார் 7 சதவீதம். வேலை பெறும் வாய்ப்பு பாதியானால் அது 13 சதவீதமாகிவிடும்.

காலம் பற்றிய ஒரு விஷயத்தையும் இதே கணக்கு காட்டுகிறது. வேலையின்மை தன் நிலைத்த அளவிலிருந்து விலகினால், இந்த எண்களின்படி அந்த இடைவெளியில் கிட்டத்தட்ட பாதி ஒரே மாதத்தில் மூடிவிடும். நடப்பிலோ 2009 அக்டோபரில் 10 சதவீதம் தொட்ட அமெரிக்க வேலையின்மை 5 சதவீதத்துக்குக் கீழே வர 2016 ஆனது. அந்தத் தாமதம் ஆட்களின் ஓட்டத்திலிருந்து வந்திருக்க முடியாது. வேலை பெறும் வாய்ப்பே ஆண்டுக்கணக்கில் தாழ்ந்து கிடந்தது, நிறுவனங்கள் காலியிடங்களைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று கேட்டால் உடனே சம்பளத்தில் வந்து நிற்கிறோம்.

ஷைமர் கை வைத்ததும் அங்கேதான். 1951 முதல் 2003 வரையிலான அமெரிக்கத் தரவில், காலியிடங்களுக்கும் வேலையில்லாதவர்களுக்கும் உள்ள விகிதம், தொழிலாளர் உற்பத்தித்திறனைப் போலக் கிட்டத்தட்ட 20 மடங்கு ஏறி இறங்குகிறது. டி.எம்.பி. மாதிரியில் அந்த ஆட்டம் 2 மடங்கைக்கூடத் தொடவில்லை. காரணம் பேர விதி. உற்பத்தித்திறன் கூடினால் காலியிடங்கள் பெருகும். வேறு வேலை சுலபமாகக் கிடைக்கும் என்பதால் தொழிலாளியின் கை ஓங்கும், சம்பளம் ஏறும். முதலாளிக்கு மிஞ்சுவது பழைய லாபம்தான். அப்புறம் அவர் எதற்காகப் புதிதாக ஆள் தேடப் போகிறார்?

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் வந்தன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது எந்தப் பாடப்புத்தக அத்தியாயத்தையும்விட அதிகம் கற்றுத்தரும். ராபர்ட் ஹால், 2005இல், சம்பளம் ஒரு வழக்கம்போல அப்படியே நிற்கும் என்று வைத்தார். சம்பளம் அசையாததால் உற்பத்தித்திறனின் ஏற்ற இறக்கம் முழுவதும் லாபத்தில் விழும், காலியிடங்கள் ஆடும். மார்கஸ் ஹாகடோர்னும் யூரி மனோவ்ஸ்கியும் 2008இல் பேரத்தை அப்படியே விட்டுவிட்டு எண்களை மாற்றினார்கள். வேலையில்லாமல் இருப்பதன் மதிப்பை (உதவித்தொகை, ஓய்வு நேரம் போன்றவை சேர்ந்தது) ஷைமர் உற்பத்தியில் 40 சதவீதம் என்று வைத்திருந்தார், இவர்கள் 95.5 சதவீதம் என்று வைத்தார்கள். அப்போது முதலாளியின் லாபம் மிக மெல்லியது. உற்பத்தித்திறன் 1 சதவீதம் கூடினாலும் லாபம் சதவீதக் கணக்கில் அதைப் போலப் பல மடங்கு கூடும்.

இரண்டுமே தரவின் ஆட்டத்தைக் காட்டிவிடுகின்றன. இப்போது வேலையில்லா உதவித்தொகையைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஹால் வழியில் சம்பளம் அசையாது, முதலாளியின் கணக்கும் பெரிதாக அசையாது. ஹாகடோர்ன்–மனோவ்ஸ்கி வழியில் அந்த மெல்லிய லாபம் கரைந்துபோய் வேலையின்மை எகிறும். ஒரே தரவுடன் ஒத்துப்போகும் இரண்டு மாதிரிகள், ஒரு மனிதருக்கு உதவித்தொகை தரலாமா என்ற கேள்விக்கு எதிரெதிர் ஆலோசனை சொல்கின்றன. இதை அறிக்கையில் மறைத்துவிட்டு ஒரே எண்ணை நீட்டுவது பொறுப்பான வேலை இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்காக டி.எம்.பி.யை ஒதுக்கச் சொல்லவில்லை. பொருளாதாரம் முழுவதற்குமான ஒரு எண், பெவரிட்ஜ் வளைகோடு, ஒருவருக்குக் கிடைக்கும் உதவி மற்றவரைப் பாதிக்குமா போன்ற கேள்விகளுக்கு இன்றும் இதுதான் முதல் கருவி. கடைசியாகச் சொன்னதற்கு நல்ல சான்று பிரான்சில் இருக்கிறது. படித்த இளைஞர்களுக்கு வேலை தேட உதவும் திட்டம் ஒன்றை புரூனோ கிரெப்போன், எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட ஐவர் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். எந்த ஊரில் எத்தனை சதவீதம் பேருக்கு உதவி என்பதையும் குலுக்கல் முறையில் மாற்றினார்கள். உதவி பெற்றவர்களின் முன்னேற்றத்தில் ஒரு பகுதி, அதே ஊரில் உதவி பெறாதவர்களின் இழப்பிலிருந்து வந்தது தெரிந்தது. தனியொரு தேடுபவரை மட்டும் பார்க்கும் மாதிரியில், ஜான் மெக்கால் 1970இல் எழுதியது போன்ற ஒன்றில், இந்த விளைவு கண்ணிலேயே படாது.

சம்பளத்தை முன்பே அறிவித்தால்

இரண்டாவது தெரிவு இலக்குள்ள தேடல். எஸ்பன் மோவன் 1997இல் வகுத்தது. இங்கே நிறுவனங்கள் சம்பளத்தை முதலிலேயே அறிவிக்கின்றன, தேடுபவர்கள் அதைப் பார்த்து எங்கே விண்ணப்பிப்பது என்று முடிவு செய்கிறார்கள். அதிகச் சம்பளம் என்றால் வரிசை நீளம், வாய்ப்பு குறைவு. அந்த லாப நட்டத்தை நிறுவனமும் தேடுபவரும் கணக்கில் எடுப்பதால் சந்தை தானாகவே திறன்மிக்க, அதாவது வளம் வீணாகாத, நிலைக்கு வருகிறது. டி.எம்.பி.யில் அப்படி வர, பேரத்தில் தொழிலாளியின் பங்கு ஒரு குறிப்பிட்ட அளவுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும் என்று ஆர்தர் ஹோசியோஸ் 1990இல் காட்டியிருந்தார். அது தற்செயலாக மட்டுமே நடக்கும்.

இந்த நல்ல பண்பே இதன் சிக்கலும்கூட. அரசு தலையிட வேண்டுமா என்று ஆராயப் புறப்பட்டவர், சந்தை ஏற்கெனவே சரியாக இருக்கும் மாதிரியை எடுத்தால் பதிலை முன்கூட்டியே எழுதிவிட்டார் என்று பொருள். இன்னொன்று, எத்தனையோ வேலை விளம்பரங்களில் சம்பளமே இருப்பதில்லை. சம்பளத்தை வெளியிட வேண்டும் என்று 2021 ஜனவரி முதல் கொலராடோ மாநிலம் சட்டம் வைத்ததே அதனால்தான். அப்படிப்பட்ட சட்டத்தின் விளைவை ஆராய்பவருக்கு இலக்குள்ள தேடல்தான் பொருத்தம், ஏனென்றால் கேள்வியே தேடுபவரின் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதைப் பற்றியது.

கணினி வேலையிலும் ஒரு வசதி உண்டு. வேலையில் இருந்தபடியே தேடுவோரைச் சேர்த்தால், பொதுவாக யார் எந்தச் சம்பளத்தில் இருக்கிறார்கள் என்ற முழுப் பரவலையும் ஒவ்வொரு காலத்திலும் கூடவே சுமக்க வேண்டும். கைடோ மென்சியோவும் ஷோயோங் ஷியும், இலக்குள்ள தேடலில் அது தேவைப்படாது என்று காட்டினார்கள். ஆய்வேட்டுக்குக் கையில் ஓராண்டுதான் இருக்கிறது, பொருளாதாரச் சுழற்சியையும் சேர்க்க வேண்டும் என்றால் இது சின்ன விஷயம் இல்லை.

வேலை ஏணி

மூன்றாவது தெரிவைத்தான், வேலையில் இருந்தபடியே தேடி மேலான வேலைக்கு ஏறுவதைக் காட்டும் ஏணி மாதிரியைத்தான், நான் அதிகம் நம்புகிறேன். 2021 இறுதியிலும் 2022 தொடக்கத்திலும் அமெரிக்காவில் மாதத்துக்குச் சுமார் 45 லட்சம் பேர் தாமாகவே வேலையை விட்டார்கள். பலரும் இன்னொரு வேலைக்காகவே விட்டார்கள். அப்படியானால் விளம்பரப்படுத்தப்பட்ட காலியிடங்களில் பெரும் பகுதி ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களை நோக்கியது. அவை மறைந்தபோது குறைந்தது வேலை மாற்றம். வேலையில்லாதவர்களின் வாய்ப்பு அதே அளவுக்கு விழவில்லை. மேலே சொன்ன 2022 விவாதத்தின் முடிவை இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன். தேடுபவர் எல்லோரும் வேலையில்லாதவரே என்று வைக்கும் எளிய டி.எம்.பி.யில் இதைச் சொல்லவே இடமில்லை.

கென்னத் பர்டெட்டும் மார்ட்டென்சனும் 1998இல் எழுதிய மாதிரியில் நிறுவனம் சம்பளத்தை அறிவிக்கிறது, வேலையில் இருப்பவருக்கும் வெளியிலிருந்து அழைப்பு வருகிறது, கூடுதல் சம்பளம் என்றால் அவர் போய்விடுகிறார். எல்லாத் தொழிலாளிகளும் எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி என்று வைத்தாலும் சம்பளங்கள் வேறுபடுகின்றன. குறைந்த சம்பளம் தரும் நிறுவனம் ஆட்களை அடிக்கடி இழந்து சிறியதாகவே இருக்கும். கூடுதலாகத் தருவது ஆட்களை வைத்துக்கொண்டு பெரியதாகும். குறைந்தபட்சக் கூலி, நிறுவனங்களின் சம்பள ஆதிக்கம் போன்ற கேள்விகளுக்கு இதைவிடத் தெளிவான தொடக்கம் எனக்குத் தெரியாது.

ஏணி இல்லாமல் சம்பள வேறுபாட்டை விளக்க முடியாது என்பதற்கு எண்ணே சாட்சி. ஹார்ன்ஸ்டைன், க்ருசெல், வியோலாந்தே மூவரும் 2011இல் கணக்கிட்டபடி, அடிப்படைத் தேடல் மாதிரியில் சராசரிச் சம்பளம் மிகக் குறைந்த சம்பளத்தைவிட 5 சதவீதம் மட்டுமே அதிகமாக இருக்க முடியும். உண்மையில் ஒரே மாதிரியான தொழிலாளிகளுக்குள் காணப்படும் வேறுபாடு அதைப் போலப் பல மடங்கு. வேலை சுலபமாகக் கிடைக்கிற இடத்தில் மோசமான சம்பளத்தை யாரும் ஏற்க மாட்டார்கள் என்று அந்த மாதிரி சொல்கிறது. ஏணி இருந்தாலோ, இப்போதைக்கு இதில் ஏறிக்கொள்வோம், உள்ளிருந்தே அடுத்ததைத் தேடுவோம் என்று நினைக்கலாம்.

ஏணிக்குள்ளும் சம்பள விதி இரண்டாகப் பிரிகிறது. ஃபாபியன் போஸ்டெல்-வினேயும் ஜான்-மார்க் ரோபானும் 2002இல், வெளியிலிருந்து அழைப்பு வந்தால் பழைய முதலாளியும் எதிர் விலை சொல்லலாம் என்று வைத்தார்கள். அப்போது ஒருவரின் சம்பளம் அவர் திறமையை மட்டும் சொல்லாது. இதுவரை எத்தனை அழைப்புகள் வந்தன என்ற வரலாற்றையும் சொல்லும். பிரெஞ்சுத் தரவில், மேலாளர்களின் சம்பள வேறுபாட்டில் சுமார் 40 சதவீதம் தனிநபர் வேறுபாட்டிலிருந்து வந்தது. திறன் குறைந்த வேலைகளில் அந்தப் பங்கு கிட்டத்தட்ட பூஜ்யம். அதாவது கீழ்மட்ட வேலைகளில் யார் எவ்வளவு வாங்குகிறார் என்பதைத் தீர்மானித்தது எந்த நிறுவனத்தில் விழுந்தார், எத்தனை அழைப்பு வந்தது என்பதுதான். இந்த முடிவைப் படித்த பிறகு, குறைந்த சம்பளத்தைத் திறமைக் குறைவின் அடையாளமாக என்னால் பார்க்க முடியவில்லை.

ஆனால் எதிர் விலை விதியை எங்கும் போட்டுவிடக் கூடாது. ஐடி நிறுவனத்தில் வேறு ஆஃபர் கடிதத்தைக் காட்டிச் சம்பளம் கேட்கலாம். கட்டணச் சாவடியிலோ பெரிய கடையின் பில் கவுன்ட்டரிலோ வேலை பார்ப்பவர் அப்படிக் கேட்டால், போய்விட்டு வா என்பார்கள். அங்கே பர்டெட்–மார்ட்டென்சன் விதியே உண்மைக்கு நெருக்கம்.

ஹால் பக்கத்து வாதத்திலும் ஏணி புகுந்து கலக்குகிறது. புதிதாகச் சேர்பவர்களின் சம்பளம் நல்ல காலத்தில் நன்றாக ஏறுகிறதே, பிறகு சம்பளம் அசையாது என்று எப்படிச் சொல்வது என்பது நெடுநாள் ஆட்சேபம். கெர்ட்லர், ஹக்ஃபெல்ட், த்ரிகாரி மூவரும் 2020இல், அந்த ஏற்றம் வேலையிலிருந்து வேலைக்குத் தாவுபவர்கள் மேலான இடங்களில் சேர்வதால் வருகிறது என்று காட்டினார்கள். வேலையின்மையிலிருந்து சேர்பவர்களின் சம்பளம் அப்படி ஆடுவதில்லை. இரண்டு குழுவையும் பிரிக்காத தரவோடு இந்தச் சண்டையில் இறங்காதீர்கள்.

மீதி இரண்டு

சேர்ந்த பிறகு என்ன ஆகிறது என்பதே உங்கள் கேள்வி என்றால், போயான் யோவனோவிச் 1979இல் எழுதிய கற்றல் மாதிரியைப் பாருங்கள். ஆளும் வேலையும் பொருந்துமா என்பது வேலை பார்க்கப் பார்க்கத்தான் தெரியும். பொருந்தாதது முதலில் முறியும், பொருந்தியது நீடிக்கும். ஹென்றி ஃபார்பர் 1994இல் அமெரிக்க இளைஞர்களிடம் பார்த்ததும் இதோடு ஒத்துப்போகிறது. வேலை முறியும் வாய்ப்பு சுமார் மூன்றாம் மாதத்தில் உச்சம் தொட்டு, பிறகு இறங்குகிறது. தகுதிகாண் காலம், ஒப்பந்த வேலை பற்றிய ஆய்வுகளுக்கு இது போதும். பொருளாதாரம் முழுவதற்குமான வேலையின்மைக்கு இதை இழுக்க வேண்டாம்.

யார் யாரோடு சேர்கிறார்கள், திறமையானவர்கள் நல்ல நிறுவனங்களில் குவிகிறார்களா என்று கேட்பவர்கள் அபௌட், க்ரமார்ஸ், மார்கோலிஸ் 1999இல் வகுத்த முறைக்குப் போவார்கள். தொழிலாளிக்கு ஒரு எண், நிறுவனத்துக்கு ஒரு எண் என்று சம்பளத்தைப் பிரிக்கும் முறை அது. மேற்கு ஜெர்மனியில் சம்பள ஏற்றத்தாழ்வு எப்படிக் கூடியது என்பதை கார்ட், ஹைனிங், க்ளைன் 2013இல் இதைக் கொண்டே காட்டினார்கள். ஆனால் தொழிலாளியையும் நிறுவனத்தையும் ஆண்டுக்கணக்கில் இணைக்கும் நிர்வாகத் தரவு வேண்டும். நிறுவனம் மாறுபவர்கள் குறைவாக இருந்தால் எண்கள் ஏமாற்றும். அதோடு, இது மாதிரியைவிட அளவீட்டு முறைக்கே நெருக்கமானது. கொள்கை மாறினால் என்ன நடக்கும் என்று இதனிடம் கேட்க முடியாது.

வேலையிழந்தவரின் பிற்காலம்

எந்த மாதிரியை எடுத்தாலும் ஒரு சோதனை வைத்துப் பாருங்கள். ஜேக்கப்சன், லாலோண்ட், சல்லிவன் 1993இல், பென்சில்வேனியாவில் நீண்ட நாள் பார்த்த வேலையைக் கூட்டுப் பணிநீக்கத்தில் இழந்தவர்களைப் பின்தொடர்ந்தார்கள். ஆண்டுகள் கழித்தும் அவர்கள் வருமானம் சுமார் 25 சதவீதம் குறைவாகவே இருந்தது. எளிய டி.எம்.பி.யில் வேலை இழந்தவர் சில மாதங்களில் இன்னொன்றில் சேர்ந்து பழைய சம்பளத்தை வாங்கத் தொடங்கிவிடுவார். டேவிஸும் ஃபான் வாக்டரும் 2011இல் இந்தப் பொருத்தமின்மையைச் சுட்டிக்காட்டினார்கள்.

வெறும் ஏணியும் போதாது, ஏனென்றால் ஏணியில் மறுபடி ஏறிவிடலாம். கிரிகோர் யாரோஷ், ஏணியின் கீழ்ப்படிகளே வழுக்குபவை என்று வைத்தார். புதிதாகக் கிடைக்கும் வேலை சம்பளத்தில் மட்டுமல்லாமல் நிலைப்புத்தன்மையிலும் மோசம். ஒருமுறை விழுந்தவர் திரும்பத் திரும்ப விழுகிறார், இடையில் திறமையும் மங்குகிறது. ஆலை மூடல், பெரிய அளவு ஆட்குறைப்பு பற்றி எழுதுபவர்கள் இதிலிருந்து தொடங்க வேண்டும். இழப்பீடு எவ்வளவு நியாயம் என்ற கணக்கில், எளிய மாதிரி ஒரு குடும்பத்தின் பல ஆண்டு இழப்பைச் சில மாத இழப்பாகச் சுருக்கிக் காட்டிவிடும்.

இந்தியத் தரவோடு உட்கார்ந்தால்

அமெரிக்க ஆய்வாளரிடம் 2000 டிசம்பரிலிருந்து மாதாமாதம் வரும் காலியிடக் கணக்கு இருக்கிறது. இந்தியாவில் அதற்கு இணையான, எல்லாத் துறைகளையும் அள்ளும் மாதத் தொடர் இல்லை. வேலை இணையதள விளம்பரங்களை எண்ணலாம்தான், ஆனால் அவை படித்தவர்களின் வேலைகள் பக்கமே சாயும். ஆகவே டி.எம்.பி.யின் பாதி இங்கே தரவில்லாமல் நிற்கிறது.

தொழிலாளி பக்கம் நிலைமை பரவாயில்லை. 2017–18இல் தொடங்கிய பி.எல்.எஃப்.எஸ். என்ற மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு நகர்ப்புறக் குடும்பங்களை அடுத்தடுத்த காலாண்டுகளில் நான்கு முறை சந்தித்தது. 2025 ஜனவரியிலிருந்து கிராமங்களும் சுழற்சி முறைக்குள் வந்துவிட்டன, மாத மதிப்பீடுகளும் வருகின்றன. ஒரே ஆள் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போவதை இதில் பார்க்கலாம்.

சிக்கல் வேறு. 2023–24 கணக்கில் வேலை செய்பவர்களில் 58.4 சதவீதம் பேர் சுயதொழில் செய்பவர்கள். வேலை உண்டு, இல்லை என்ற இரண்டு நிலை இங்கே பொருந்தாது. எமிலி பிரெசா, சுப்ரீத் கவுர், யோகிதா ஷம்தாசானி ஒடிசா கிராமங்களில் செய்த சோதனை இதை அழுத்தமாகக் காட்டியது. வேலை குறைந்த மாதங்களில் ஊரின் ஆண் கூலித் தொழிலாளிகளில் கணிசமானவர்களை வெளி வேலைக்கு எடுத்தும் உள்ளூர்க் கூலி ஏறவில்லை. போனவர்களின் இடத்தை நிரப்ப மற்றவர்கள் காத்திருந்தார்கள். சுயதொழில் என்று பதிவானதில் ஒரு பகுதி, கூலி வேலை கிடைக்காத நிலைதான்.

எனவே தமிழ்நாட்டு நகரங்களைப் பற்றி ஆய்வேடு எழுதுபவர் என்னிடம் கேட்டால் இந்த வரிசையைச் சொல்வேன். முதலில் மாதிரியே வேண்டாம். சம்பள வேலை, தினக்கூலி, சுயதொழில், வேலையின்மை, வேலைச் சந்தைக்கு வெளியே என்று ஐந்து நிலைகள் வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வீதங்களை ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். பிறகு பர்டெட்–மார்ட்டென்சன் ஏணியை எடுத்து, அதன் அடிப்படியில் சுயதொழிலையும் தினக்கூலியையும் வையுங்கள். காலியிடக் கணக்கு இல்லாமலே அழைப்பு வரும் வீதத்தை நிலை மாற்றங்களிலிருந்து மதிப்பிட முடியும் என்பது இந்த மாதிரியின் பெரிய உதவி. கடைசியில் சம்பள விதியை மட்டும் மாற்றி முழுக் கணக்கையும் இன்னொரு முறை ஓட்டுங்கள். விடை மாறினால் இரண்டு விடைகளையும் ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.